2004 டாடா 207-ல் ஒட்டன்சத்திரத்திலிருந்து லே வரை: வண்டி தாங்குமா, எந்த வழி, எப்போது?

முருங்கைத்தோட்டம்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 2004 மாடல் டாடா 207 டி.ஐ. பிக்கப் ஒன்று நிற்கிறது. அப்பா வாங்கியது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றியே அதன் காலம் போனது. ஓட்டியது என் தாய்மாமா. புது வண்டி வந்த பிறகு இது தோட்டத்துக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் போய் வருகிறது.

மாமாவுக்கு வயது 61. இத்தனை வருடம் ஸ்டியரிங் பிடித்தவர் வடக்கே பெங்களூரைத் தாண்டியதில்லை. லே வரை போக வேண்டும், அதுவும் இந்த வண்டியில்தான் போக வேண்டும் என்கிறார். எனக்கும் அதே ஆசை. நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

வண்டியின் நிலைமையை மறைக்காமல் சொல்கிறேன். லோடோடு மலை ஏறினால் சூடு ஏறுகிறது. காலையில் செல்ஃப் இழுத்து இழுத்துத்தான் எடுக்கிறது. பிரேக் பிடித்தால் இடது பக்கம் போகிறது. அவ்வப்போது டீசல் லைனில் ஏர் எடுத்து நடுவழியில் நின்றுவிடுகிறது. கியர்பாக்ஸ் அடியில் ஆயில் கசிவு.

யோசித்து வைத்திருப்பது: ஜூன் மாதம் கிளம்பி, தேசிய நெடுஞ்சாலை 44 பிடித்து டெல்லி, அங்கிருந்து மணாலி வழியாக லே. போக வர 20 நாள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நாற்கரச்சாலை:

சகோ, ஒரு பக்கமே ஏறக்குறைய மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். ரயிலில் ஜம்மு வரை போய், அங்கே கார் எடுத்துக்கொண்டால் மாமாவும் லடாக்கைப் பார்த்துவிடுவார், வண்டிக்குச் செலவழிக்கும் பணமும் மிஞ்சும். இந்த நிலையில் இருக்கும் வண்டியை அவ்வளவு தூரம் எடுத்துப்போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சங்ககிரி பட்டறை:

மாமாவுக்கு லடாக்கைப் பார்ப்பது மட்டும் ஆசை இல்லையே, அந்த வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பதுதானே ஆசை. அதனால் வண்டியைப் பற்றியே பேசுவோம்.

தம்பி, நீங்கள் சொன்ன குறை ஒவ்வொன்றும் சரிசெய்யக்கூடியது. ஆனால் வரிசை முக்கியம். பிரேக் முதலில், சூடு அடுத்து, டீசல் லைன் அதற்கடுத்து. செல்ஃப் கடைசி. செல்ஃப் எடுக்காவிட்டால் சரிவில் நிறுத்தித் தள்ளி ஸ்டார்ட் செய்துகொள்ளலாம். பிரேக் இல்லாமல் மலைக் கணவாயில் இறங்க முடியாது.

பிரேக் இடது பக்கம் இழுக்கிறது என்றால் இடது பக்கம் நன்றாகப் பிடிக்கிறது என்று அர்த்தம். கோளாறு வலது பக்கத்தில். சிலிண்டர் இறுகியிருக்கும், அல்லது ஹப் சீல் போய் கிரீஸ் இறங்கியிருக்கும். இரண்டு பக்கமும் கழற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றிவிட்டு விடாதீர்கள், மறுபடி இழுக்கும். பிரேக் ஆயிலை முழுவதும் வடித்துப் புதிது ஊற்றுங்கள். பழைய ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். நீண்ட இறக்கத்தில் சூடேறினால் அந்த ஈரம் கொதித்து ஆவியாகும், பெடல் சட்டென்று தரைக்குப் போகும். ஊரில் வருடக்கணக்காக ஓடும்போது தெரியாத குறை, மலையில் ஒரே இறக்கத்தில் தெரிந்துவிடும்.

சூட்டுக்கு வருவோம். முதல் கேள்வி: உள்ளே தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூட்டுக்கு வரும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு, இருக்கிறதா? நம் ஊரில் சூடு ஏறுகிறது என்றாலே அதைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் இருக்கிறது. கேரளா லைனுக்கு அது பெரிதாகத் தெரியாது. லேயில் காலைக் குளிரில் இன்ஜின் சூட்டுக்கு வரவே வராது, புகை தள்ளும், டீசலும் அதிகமாகக் குடிக்கும். அதனால் புது தெர்மோஸ்டாட் போட்டுவிட்டு, சூட்டுக்கான உண்மையான காரணத்தைத் தேடுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது வெப்பம் பார்க்கும் துப்பாக்கியை ரேடியேட்டர் முழுக்க ஓட்டிப் பாருங்கள். நடுவில் சில இடம் மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தக் குழாய்கள் அடைத்திருக்கின்றன. ரேடியேட்டர் சுத்தமாக இருந்தும் சூடேறினால், ஆறிய வண்டியில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து தண்ணீரைப் பாருங்கள். விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது என்று அர்த்தம்.

ரேடியேட்டர் மூடியையும் மாற்றுங்கள். விலை கொஞ்சம்தான், ஆனால் மலையில் அதற்குப் பெரிய வேலை. 4,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் கொதிநிலை மேலே போகும். ஸ்பிரிங் தளர்ந்த மூடி இருந்தால் நல்ல ரேடியேட்டரும் பொங்கும்.

டீசல் லைனில் ஏர் எடுப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் ஓட்டை இருந்தால் வெளியே சொட்டாது, உள்ளே காற்றை இழுக்கும். அதனால் கண்ணுக்குத் தெரியாது. ஃபில்டருக்கு முன்னால் கொஞ்ச நீளத்துக்குக் கண்ணாடி போல் தெரியும் ஹோஸைத் தற்காலிகமாகப் போட்டு ஓட்டிப் பாருங்கள். குமிழி தெரிந்தால், அங்கிருந்து டேங்க் வரை ஒவ்வொரு ஹோஸ், கிளாம்ப், வாஷராக மாற்றிக்கொண்டே பின்னால் போக வேண்டும்.

பெர்மிட் பேப்பர்:

பேப்பர் பக்கத்தை நான் சொல்கிறேன், பலர் இதில்தான் மாட்டுகிறார்கள்.

ஆர்.சி. எடுத்து மொத்த எடை, அதாவது ஜி.வி.டபிள்யூ. என்ன என்று பாருங்கள். 3,000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் 66-வது பிரிவின்படி பெர்மிட் தேவையில்லை. அதற்கு மேல் என்றால் சிக்கல். 12 வருடம் தாண்டிய சாதாரண சரக்கு வண்டிக்கு நேஷனல் பெர்மிட் கிடைக்காது, மாநிலத்துக்கு மாநிலம் தற்காலிக பெர்மிட் எடுக்க வேண்டியிருக்கும்.

எஃப்.சி., அதாவது வண்டியின் தகுதிச் சான்றிதழ், பயண நாட்கள் முழுக்க உயிரோடு இருக்க வேண்டும். 8 வருடம் தாண்டிய வண்டிக்கு அது வருடா வருடம். 15 வருடம் தாண்டியதால் கட்டணமும் கூடுதல். புகைச் சான்றிதழ், இன்சூரன்ஸ் இரண்டின் தேதியையும் பாருங்கள்.

அடுத்தது டெல்லி. அந்த வழியை விட்டுவிடுங்கள். 10 வருடம் தாண்டிய டீசல் வண்டி டெல்லி தலைநகர் வட்டாரத்தில் ஓடக்கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அமல்படுத்தும் விதம் அவ்வப்போது மாறுகிறது. ஆனால் 2004 மாடல் சரக்கு வண்டியோடு போய் அங்கே சோதித்துப் பார்க்கக் கூடாது. அந்த வட்டாரம் டெல்லியோடு முடியவில்லை என்பதையும் கவனியுங்கள். ஹரியானாவில் பல்வல், பரிதாபாத், சோனிபத், பானிபட், கர்னால், ராஜஸ்தானில் ஆல்வார், பரத்பூர் எல்லாம் அதற்குள் வருகின்றன. நெடுஞ்சாலை 44 நேராக அதன் நடுவில்தான் போகிறது.

உங்களிடம் கார் லைசென்ஸ் மட்டும் இருந்தாலும் மாமாவுக்கு ஓய்வு கொடுத்து நீங்கள் ஓட்டலாம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸோடு ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வு தெளிவாகச் சொல்லிவிட்டது.

பின்னால் தொட்டியில் யாரும் உட்கார்ந்து வரக்கூடாது, படுத்தும் வரக்கூடாது. நிறுத்திய வண்டியில் தார்ப்பாய் கட்டித் தூங்குவது வேறு. ஓடும்போது அங்கே ஆள் இருந்து ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் கைகொடுக்காது.

முருங்கைத்தோட்டம்:

ஆர்.சி. பார்த்தேன், 3,000-க்குள்தான் இருக்கிறது. பெரிய நிம்மதி. டெல்லி விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, ரொம்ப நன்றி. அப்படியானால் எந்த வழி?

தெர்மோஸ்டாட் பற்றி மாமாவிடம் கேட்டேன். “அது எப்பவோ கழட்டியாச்சு” என்கிறார்.

ஈரோட்டு அக்கா:

தம்பி, நானும் வீட்டுக்காரரும் பழைய டீசல் ஜீப்பில் லே போய் வந்திருக்கிறோம். அதனால் அழுத்திச் சொல்கிறேன், மணாலி வழி வேண்டாம், ஸ்ரீநகர் வழியாகப் போங்கள்.

மணாலியிலிருந்து அடல் சுரங்கத்தைக் கடந்து போனால் ‘தாண்டி’ என்று ஒரு ஊர் வரும். அங்கே டீசல் பிடித்தால் அடுத்த பங்க் 365 கிலோமீட்டர் தள்ளித்தான் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். அதற்குள் பாரலாச்சா, நக்கீ, லாச்சுங், தங்லங் என்று கணவாய்கள். தங்லங் 5,300 மீட்டருக்கும் மேல். உங்கள் இன்ஜினுக்கு டர்போ கிடையாது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். பம்ப் தள்ளும் டீசல் எரியக் காற்று போதாமல் கரும்புகை வரும், முதல் கியரிலேயே ஏற வேண்டியிருக்கும். அங்கே நின்றுவிட்டால் பட்டறை கிடையாது, போனும் கிடையாது.

ஸ்ரீநகர் வழியில் மிக உயரமான இடம் ஃபோட்டு லா கணவாய், சுமார் 4,100 மீட்டர். ஜோஜிலா கணவாய் 3,500-தான், ஆனால் சாலை மோசம். நடுவில் சோனமார்க், திராஸ், கார்கில் என்று ஊர்கள் வந்துகொண்டே இருக்கும். கார்கிலில் ஸ்ரீநகர், லே இரண்டு பக்க லாரிகளும் தங்கிப் போகும், அதனால் பட்டறையும் உண்டு, பாகமும் கிடைக்கும். மாமாவின் உடம்புக்கும் இந்த வழிதான் நல்லது. ஸ்ரீநகர் 1,600 மீட்டர், கார்கில் 2,700, பிறகு லே 3,500. உடம்பு படிப்படியாகப் பழகும்.

இந்தப் பயணத்தில் வண்டி நிற்கவே கூடாது என்று திட்டம் போடாதீர்கள். அது எங்காவது நிற்கும். எங்கே நின்றால் ஆள் கிடைக்கும், எங்கே நின்றால் கிடைக்காது என்பதைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுங்கள். எங்கள் ஜீப் நின்றது திராஸ் கடைவீதியில், சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது. அதே கோளாறு மணாலி வழியில் இருக்கும் சர்ச்சுவில் வந்திருந்தால் இரண்டு நாள் போயிருக்கும்.

ஜூன் மாதமும் வேண்டாம். அமர்நாத் யாத்திரை ஆவணி அவிட்டப் பௌர்ணமியோடு முடியும். அதுவரை ஜம்மு–ஸ்ரீநகர் சாலையிலும் சோனமார்க் பக்கமும் கெடுபிடி அதிகம். செப்டம்பரில் போனால் மழையும் குறையும், சாலையும் காய்ந்திருக்கும். இன்னொன்று, வெளிமாநில பிரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. இரண்டு பேரில் ஒருவராவது போஸ்ட்பெய்ட் வாங்கிக்கொள்ளுங்கள்.

டர்போ கோவை:

அக்கா சொன்ன காற்றுப் பிரச்சினைக்கு ஒரே வழி டர்போ இன்ஜின். இதே குடும்பத்து டர்போ இன்ஜின் பழைய இரும்புச் சந்தையில் கிடைக்கும், அப்படியே இறக்கி மாட்டிவிடலாம். இல்லாவிட்டால் இன்ஜினையாவது முழுசாகப் பிரித்து, சிலிண்டரை போர் செய்து, புதுசாக்கிவிட்டுப் போங்கள்.

சங்ககிரி பட்டறை:

கோவைத் தம்பி, நல்ல மனதோடு சொல்கிறீர்கள், ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இன்ஜின் மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். டர்போ போட்டால் சூடு கூடும், இருக்கிற ரேடியேட்டரே திணறுகிறது. யாருடைய வண்டியிலிருந்து வந்தது என்று தெரியாத இன்ஜினை நம்பி 8,000 கிலோமீட்டர் போவதைவிட, மாமா இருபது வருடம் சத்தம் கேட்டுப் பழகிய இன்ஜினே மேல்.

முழுசாகப் பிரிப்பதும் தேவை இருந்தால்தான். கம்ப்ரெஷன் பாருங்கள், ஆயில் எவ்வளவு குடிக்கிறது என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் தொடாதீர்கள். வேலை செய்த வண்டியில் வரும் கோளாறு பெரும்பாலும் முதல் ஆயிரம் கிலோமீட்டரில் வரும். விட்டுப்போன கிளாம்ப், இறுகாத போல்ட், புதுப் பாகத்திலேயே இருக்கும் குறை. அதனால் எந்த வேலையானாலும் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே முடித்துவிட்டு, லோடு ஏற்றி உள்ளூரில் ஓட்ட வேண்டும். நம் பக்கம் கொடைக்கானல், கொல்லிமலை எல்லாம் இருக்கின்றனவே. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலும் அரை லோடோடு ஏறி இறங்கினால் வண்டி உண்மையைச் சொல்லிவிடும்.

பம்பும் நாசிலும் மட்டும் சர்வீஸ் செய்துவிடுங்கள். புகை குறையும்.

பழைய லைன் டிரைவர்:

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நான் பம்பாய், அகமதாபாத், பஞ்சாப் லைன் ஓட்டியவன். டெல்லியைத் தொடாமல் போக வழி இருக்கிறது.

பெங்களூரிலிருந்து ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், புனே, பிறகு சூரத், வதோதரா, அகமதாபாத். இந்தச் சாலை முழுக்க லாரிதான் ஓடுகிறது, எந்த ஊரில் நின்றாலும் டாடா பாகம் கிடைக்கும். அகமதாபாத்திலிருந்து பாலன்பூர், ஆபு ரோடு, பிண்ட்வாரா. அங்கே நெடுஞ்சாலை 62 பிடித்தால் பாலி, ஜோத்பூர், நாகௌர், பிகானேர், கங்காநகர் என்று அபோஹர் வரை கொண்டுபோய் விடும். பிறகு அமிர்தசரஸ், பதான்கோட், ஜம்மு. கொஞ்சம் சுற்றுத்தான். ஆனால் பெர்மிட் பேப்பர் சொன்ன வட்டாரம் எதிலும் கால் வைக்க வேண்டியதில்லை.

ராஜஸ்தானில் செப்டம்பர் வெயிலும் கடுமைதான். விடிகாலை கிளம்பி மதியம் ஒரு மணிக்குள் ஓட்டத்தை முடித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 300, 350 கிலோமீட்டர் போதும். இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள். தங்கும் இடம் எப்போதும் லாரி நிற்கும் ஊராகவே இருக்கட்டும், பெரும்பாலான ஊர்களில் டிரான்ஸ்போர்ட் நகர் என்று தனியாகவே இருக்கும். சாயங்காலம் போய் நிறுத்தி, ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, சின்ன வேலை இருந்தால் அங்கேயே முடித்துக்கொண்டு காலையில் கிளம்பலாம். 20 நாள் கணக்கைக் கிழித்துப் போடுங்கள். போகவே பதினைந்து நாள் ஆகும். வீட்டில் 40 நாள் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

மலை இறக்கம் பற்றி மாமாவுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்க வேண்டும். இன்னொன்று கேரளா மலையில் கிடைக்காத அனுபவம். பிரேக்குக்கு உதவும் வேக்கம் பூஸ்டர் வெளிக்காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் வேலை செய்கிறது. உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் அந்த உதவியும் குறையும். பெடல் கெட்டியாக இருக்கும், காலை அழுத்தி மிதிக்க வேண்டியிருக்கும். பிரேக் போய்விட்டது என்று பயந்துவிடாதீர்கள், இடைவெளியைக் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த வேக்கம் பம்ப் பல பழைய டீசல் வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் பின்பக்கமே இருக்கும். பெல்ட் அறுந்தால் சார்ஜும் போகும், பிரேக் உதவியும் போகும், வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில் ஓடினால் தண்ணீர் சுற்றுவதும் நிற்கும். அதனால் பெல்ட் இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கிளம்பும் முன்பே ஒரு தடவை மாட்டி, அளவு சரிதானா என்று பார்த்துவிட்டுக் கழற்றி வையுங்கள்.

மதுரை மருத்துவர்:

வண்டியைப் போலவே மாமாவையும் சோதித்துவிட்டுக் கிளம்புங்கள். 61 வயது, ரத்த அழுத்தம், இதயம், சர்க்கரை மூன்றையும் பார்க்க வேண்டும். உயரத்துக்கான மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்காமல் அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள். லே போய்ச் சேர்ந்ததும் இரண்டு நாள் முழு ஓய்வு. தலைவலியோடு வாந்தியோ நடையில் தள்ளாட்டமோ மூச்சுத் திணறலோ வந்தால் காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போய் உயரம் குறைந்த இடத்துக்கு இறங்கும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். அப்போது அவர் ஓட்டக் கூடாது.

முருங்கைத்தோட்டம்:

இவ்வளவு நேரம் ஒதுக்கி எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. இதுவரை நடந்ததைச் சொல்கிறேன்.

வலது பக்க வீல் சிலிண்டர் இறுகித்தான் இருந்தது. இரண்டு பக்கமும் புதுசு, ஹப் சீல், பிரேக் ஆயில் எல்லாம் மாற்றியாகிவிட்டது. ரேடியேட்டரில் நடுப்பகுதி கை வைக்கும் அளவுக்குக் குளிர்ந்திருந்தது. கழற்றிக் கொடுத்ததில் குழாய்களில் பாதி அடைப்பு. சுத்தம் செய்து பார்த்துச் சரிவராமல், கோர் மாற்றினோம். புது தெர்மோஸ்டாட், புது மூடி, கூலன்ட். டீசல் லைனில் கண்ணாடி ஹோஸ் போட்டதும் குமிழி ஓடுவது தெளிவாகத் தெரிந்தது. டேங்கிலிருந்து வரும் ஹோஸ் ஓரிடத்தில் வெடித்திருந்தது, வெளியே ஒரு சொட்டு ஈரம் இல்லை. செல்ஃபுக்கு எர்த் வயரும் புஷ்ஷும் மாற்றியதில் சட்டென்று எடுக்கிறது.

பிறகு வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல், அரை டன் மணல் மூட்டையோடு. சூடு முள் நடுவைத் தாண்டவில்லை. இறங்கும்போது பிரேக் நேராகப் பிடித்தது. ஆனால் மூன்றாவது கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் கியர் தானாகவே நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது. இது புதிதாகத் தெரிந்த குறை.

மாமா லேக்கு மேலே இருக்கும் கர்துங் லா கணவாய் வரை வண்டியில் போக வேண்டும் என்கிறார். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

சங்ககிரி பட்டறை:

மலையில் ஏற்றிப் பார்க்கச் சொன்னது இதற்குத்தான். மூன்றாவது கியர் நழுவுவதை விட்டுவிட்டுக் கிளம்பக் கூடாது. இறக்கத்தில் இன்ஜின் பிடிப்பு திடீரென்று விட்டால் முழுப் பாரமும் பிரேக்கில் விழும். கியர்பாக்ஸ் மவுண்டிங் ரப்பர், லீவர் லிங்க் இரண்டையும் முதலில் பாருங்கள், சில சமயம் அதோடு முடிந்துவிடும். இல்லையென்றால் பாக்ஸை இறக்கி சின்க்ரோ, ஃபோர்க், பேரிங் பார்க்க வேண்டும். இறக்கும்போது ஆயில் சீலையும் மாற்றினால் கசிவும் நிற்கும். கிளட்ச் பிளேட் எப்படியும் கண்ணுக்குத் தெரியும். பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் அப்போதே மாற்றிவிடுங்கள், தனியாக இன்னொரு கூலி வராது.

கையோடு எடுத்துப்போக: பெல்ட், மேல் கீழ் ரேடியேட்டர் ஹோஸ், கிளாம்ப், டீசல் ஃபில்டர், டீசல் ஹோஸ் இரண்டு மீட்டர், ஒரு வீல் சிலிண்டர் கிட், யூ-ஜாயிண்ட் கிராஸ், ஸ்பிரிங் பட்டைக்கு சென்டர் போல்ட், ஃபியூஸ், பல்பு, இன்ஜின் ஆயில் ஐந்து லிட்டர், கூலன்ட். ஸ்டெப்னி ஒன்றுக்கு இரண்டு. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். தேயாமல் நன்றாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரை முன்னால் போடாதீர்கள். இழுக்கும் கயிறும் சக்கரத்துக்குக் கட்டையும் மறக்க வேண்டாம்.

ஈரோட்டு அக்கா:

கர்துங் லா 5,300 மீட்டருக்கு மேல். அதைத் தவிர்க்கத்தானே மணாலி வழியே வேண்டாம் என்றோம். லேயில் வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளூர் டாக்ஸி பிடித்து மாமாவைக் கூட்டிப்போங்கள். திரும்பிவர வேண்டிய நாலாயிரம் கிலோமீட்டரும் அந்த வண்டியில்தான் என்று அவரிடம் சொல்லுங்கள், டிரைவருக்கு அது புரியும்.

முருங்கைத்தோட்டம்:

சொன்னேன் அக்கா. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “லேயில வண்டிய நிறுத்தி ஒரு போட்டோ, மேல டாக்ஸியில போயி ஒரு போட்டோ” என்று ஒத்துக்கொண்டார்.

கியர்பாக்ஸ் அடுத்த வாரம் இறக்குகிறோம். ஆகஸ்ட் கடைசிக்குள் கொல்லிமலை ஒரு தடவை. எஃப்.சி. புதுப்பித்தாகிவிட்டது. மருத்துவர் சொன்ன சோதனைகளுக்கு மாமாவைத் திங்கட்கிழமை திண்டுக்கல் கூட்டிப்போகிறேன். எல்லாம் சரியாக வந்தால் செப்டம்பர் முதல் வாரம் கிளம்புகிறோம். பதான்கோட் பக்கம் யாராவது டாடா பாகக் கடை தெரிந்தவர்கள் இருந்தால் இங்கேயே எழுதுங்கள்.